விலை குறைந்த 11.6 அங்குல டச் லேப்டாப்: வாங்கலாமா?

வாசகர் கேள்வி, 5 மே 2024

வீட்டுக்கு ஒரு சின்ன லேப்டாப் வேண்டும். கையில் 25 ஆயிரம், இழுத்துப் பிடித்தால் 30. பையன் எட்டாம் வகுப்பு. மனைவிக்கு கரண்ட் பில், ரயில் டிக்கெட், யூடியூப். எனக்கு எப்போதாவது எக்செல். கடையில் 11.6 அங்குல டச் மாடல் ஒன்றைக் காட்டி, "போன் மாதிரியே விரலால தள்ளலாம் சார்" என்கிறார்கள். செலரான் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. எடை ஒன்றேகால் கிலோதான். பார்க்க நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?

5 மே 2024, இரவு

வேண்டாம்.

டச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். அந்த 4, 64 என்ற இரண்டு எண்கள்தான் வேண்டாம். விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். உங்களுக்குக் காட்டிய மெஷின் அந்தக் கோட்டின் மேலேயே காலை வைத்து நிற்கிறது. வாங்கிய அன்றே கடைசிப் படியில் இருக்கும் ஒன்றை பையன் பத்தாவது முடிக்கும் வரை எப்படி ஓட்டுவீர்கள்? இந்த விலையில் ரேமும் சேமிப்பும் பெரும்பாலும் போர்டோடு சேர்த்து பற்ற வைத்தே வரும், பின்னால் காசு வந்தாலும் கூட்ட முடியாது.

அந்த 64உம் முழு 64 இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, அதிலேயே 60க்குக் கீழே வந்துவிடும். அதில் விண்டோஸ் உட்காரும். அப்டேட்டுக்கு என்று அது தனியாக ஒதுக்கிக்கொள்ளும் இடம் சுமார் 7 ஜிபி. அப்புறம் குரோம், ஆபீஸ், வாட்ஸ்அப். கல்யாண வீடியோ ஒன்றை இறக்கினால் சிவப்புக் கோடு வந்துவிடும்.

6 மே 2024

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. இது புதுக்கதை இல்லை. 2007இல் ஆசுஸ் ஈ பிசி வந்தபோது 7 அங்குலத் திரையைப் பார்த்து எல்லோரும் கொஞ்சினார்கள். 2013இல் அதே ஆசுஸ் டி100 என்று ஒன்றை விட்டது: 10.1 அங்குல டச், கீபோர்டைக் கழற்றினால் டேப்லெட், இன்டெலின் ஆட்டம் சிப், 2 ஜிபி ரேம், அமெரிக்காவில் 349 டாலர். அப்போதைக்கு அந்த விலையில் அது நல்ல பொருள்தான். அதன் 32 ஜிபி மாடலை வாங்கியவர்களுக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு பெரிய விண்டோஸ் அப்டேட்டும் ஒரு கண்டம். இடம் போதாது, பென் டிரைவ் செருகு, படங்களை அழி. சிப் செத்ததால் மூலையில் போட்டவர்களை விட இடம் போதாமல் போட்டவர்கள் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

9 மே 2024

"போனுக்கு 64 ஜிபி போதும்போது லேப்டாப்புக்கு ஏன் போதாது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. போனில் ஆப்புகள் கட்டுப்பெட்டியாக இருக்கும். விண்டோஸ் அப்படி இல்லை. பழைய பதிப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு புதியதைப் பக்கத்திலேயே கட்டும்.

இன்னொன்று வேகம். 64 ஜிபி என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் இஎம்எம்சி, போர்டில் பற்ற வைத்த மலிவுச் சேமிப்புச் சிப். கடைக்காரர் அதையும் "எஸ்எஸ்டி மாதிரிதான் சார்" என்பார். இஎம்எம்சி 5.1இன் உச்சபட்ச வேகமே நொடிக்கு 400 எம்பி, அதுவும் காகிதத்தில். வேகத்தை விடப் பெரிய சிக்கல், அது படிக்கும்போது எழுதாது, எழுதும்போது படிக்காது. பின்னால் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆன்டிவைரஸ் அதைத் துழாவுகிறது, நீங்கள் எக்செல் ஃபைலைத் திறக்கிறீர்கள். மூன்றும் ஒற்றை வழிப்பாதையில் சிக்கிக்கொள்ளும். அம்புக்குறி நகரும், வேறு எதுவும் நகராது. பாதி நேரம் "லேப்டாப் ஸ்லோ" என்று மக்கள் சொல்வது இதைத்தான், சிப் மேல் பழி போகிறது.

ஆகவே கடையில் கேட்கவேண்டியது "எத்தனை ஜிபி" இல்லை. "என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டியா, இஎம்எம்சியா?" தெரியாது என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்க் டிரைவ்ஸ் கீழே என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

19 மே 2024

சரி, டச்சுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, 11.6 அங்குலம், 360 டிகிரி மடங்கும் வகை. கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் ஆளாளுக்கு சண்டைக்கு வருவார்கள். மனைவி மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள், அவளுக்காக வாங்கியது. பகலில் நான் அரிசி ஆலைக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்துவதும் உண்டு, அங்கே கணக்கு எழுதுவதுதான் என் வேலை.

முழுசாக மடங்காத சாதாரண கீலில் டச் வைப்பது வீண். இதை உறுதியாகவே சொல்வேன். மேசையில் வைத்துத் திரையைத் தொட்டுப் பாருங்கள், பின்னால் சாயும். அடுத்த முறை இடது கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தொடுவீர்கள். கையை முன்னால் நீட்டிக்கொண்டே எவ்வளவு நேரம் இருக்க முடியும்? தோள் கேட்காது. டச்பேட் நாலு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. முதல் வாரம் ஆசைக்குத் தள்ளுவோம், அப்புறம் விரல் தானாக டச்பேடுக்குப் போய்விடும்.

கடைக்காரர் சொல்லாத செலவு ஒன்றும் உண்டு. டச் இல்லாத சின்ன லேப்டாப்பில் திரை உடைந்தால் வெறும் பேனலை மாற்றினால் போதும். டச் மாடல்கள் பலவற்றில் மேலே உள்ள கண்ணாடியும் உள்ளே உள்ள பேனலும் ஒட்டியே இருக்கும், ஒன்று போனால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். எந்த டச் மாடல் வாங்கினாலும், வாங்கும் முன்பே சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் சர்வீஸ் கடையிலோ அந்த மாடலின் டிஸ்ப்ளே என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். விடையைக் கேட்டதும் ஆசை பாதி அடங்கும்.

20 மே 2024

நேற்று எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு அதுல வசதியாத்தான்பா இருக்கு." அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, டச்பேடில் இரண்டு விரல் வைத்துத் தள்ளுவது அவருக்கு வராது. திரையைக் கூடாரம் போல நிமிர்த்தி வைத்துவிட்டால் பேப்பரை விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறார். அதன் பக்கவிளைவு, போன வாரம் வங்கிக்குப் போன இடத்தில் கவுன்ட்டரில் இருந்த மானிட்டரை விரலால் மேலே தள்ளப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் ஊழியர், "அய்யா, அது டச் இல்ல" என்றாராம்.

சரி, மவுஸ் பழகாத பெரியவர்களுக்கு டச் உதவும். ஆனால் அவர் சொன்னதிலேயே கவனியுங்கள், கூடாரம் போல நிமிர்த்தினால். மடங்கும் கீல் இருப்பதால்தான் அது முடிகிறது.

2 ஜூன் 2024

பேனா பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டச் திரை என்றால் பேனாவால் எழுதலாம் என்று அர்த்தம் இல்லை. ஆன்லைனில் இருநூறு முந்நூறுக்குக் கிடைக்கும் ரப்பர் முனைக் குச்சி வெறும் விரலுக்குப் பதில்தான். முனை தடிமன், எழுத்து பூசினாற்போல வரும், உள்ளங்கை திரையில் பட்டால் அங்கேயும் கோடு விழும். பின்னத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எழுத முடியாது. இருபடி போடுவதற்குள் கை நடுங்கிவிடும்.

உண்மையான பேனாவுக்குத் திரையிலும் அதற்குரிய அமைப்பு இருக்கவேண்டும். விண்டோஸ் மெஷின்களில் பரவலாக இருப்பது மைக்ரோசாஃப்ட்டின் எம்பிபி என்ற பேனா முறை, அப்புறம் வாக்காம் நிறுவனத்தின் ஏஇஎஸ், கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக்குகளில் யுஎஸ்ஐ. இவை ஒன்றுக்கொன்று ஒத்துவராது. எம்பிபி திரையில் யுஎஸ்ஐ பேனா வைத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு வகைக்கும் ஒத்துவரும் பேனாக்கள் சில உண்டு, விலை கூடுதல். பேனா அருகில் வந்ததும் திரை விரலையும் உள்ளங்கையையும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும், அது ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். மாடலின் விவரப் பக்கத்தில் "பென் சப்போர்ட்" என்று எழுதி எந்த வகை என்று சொல்லாமல் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

மனைவி செய்வது இது: மெஷினை முழுசாக மடித்து நோட்டு போல மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை அனுப்பிய கணக்கின் படத்தின் மேலேயே சிவப்பில் திருத்தி, அப்படியே வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பிவிடுவாள். முன்பு தாளில் எழுதி, போனில் படம் எடுத்து, நிழல் விழுந்தால் மறுபடி எடுத்து என்று நேரம் போகும். இந்த ஒரு வேலைக்காக 360 கீலும் பேனாவும் உள்ள சின்ன லேப்டாப்புக்கு நான் கூடுதலாகப் பணம் கொடுப்பேன். மற்றபடி மாட்டேன்.

ஒன்றேகால் கிலோ பைக்கு லேசு. மடியில் டேப்லெட்டாக வைத்தால் லேசு இல்லை. படுத்துக்கொண்டு படிக்கலாம் என்று எந்த விளம்பரமாவது காட்டினால் நம்பாதீர்கள், மூக்கில் விழும்.

3 ஜூன் 2024

பேனா பெட்டியிலேயே வருமா, கீபோர்டு பெட்டியிலேயே வருமா என்று பார்த்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள். 2018இல் சர்ஃபேஸ் கோ 399 டாலர் என்று வந்தது, கீபோர்டு தனிக் காசு, பேனா தனிக் காசு. 2020இல் வந்த லெனோவோ டூயட் குரோம்புக்கில் கீபோர்டும் தாங்கியும் பெட்டியிலேயே இருந்தன. சர்ஃபேஸ் கோவின் திரை நல்ல திரை, 10 அங்குலத்தில் 1800க்கு 1200 புள்ளிகள், உயரம் கூடிய வடிவம். அதில் படித்துப் பார்த்துவிட்டு மலிவு 11.6 அங்குல மாடல்களின் 1366க்கு 768இல் படிப்பது கஷ்டம்.

16 ஜூன் 2024

அந்த 1366க்கு 768 பற்றி. ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு 11.6 அங்குலத்தில் இது பெரிய குறை இல்லை. தமிழ் படிப்பவருக்கு அப்படி இல்லை. சின்ன எழுத்தில் ணவும் னவும் ஒன்று போலத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி தூசி போல இருக்கும். பெரிதாக்கலாம், 125 சதவீதம் வைத்தால் எழுத்து தெளியும். ஆனால் 768 வரி உயரத்தில் மேலே பட்டை, கீழே பட்டை போக மிஞ்சும் இடத்தில் எக்செல்லில் கொஞ்சம் வரிகள்தான் தெரியும், மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். டேப்லெட்டாக நிமிர்த்திப் பிடித்தால் 768தான் அகலம், பாடநூல் பிடிஎஃப் பக்கம் முழுசாகத் தெரியும், எழுத்து மங்கும்.

தமிழ் தட்டச்சுக்குத் தனியாக எதுவும் வாங்கவேண்டாம். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ் 99 விண்டோஸிலேயே இருக்கிறது, ஒலிப்பு முறையில் அடிப்பவர்களுக்கு அதுவும் இருக்கிறது. சின்ன கீபோர்டில் விரல் பழக நேரம் பிடிக்கும். எங்கள் மெஷினில் எழுத்துப் பொத்தான்கள் சரியான அளவுதான், மேல் கீழ் அம்புக்குறிகளைத்தான் அரைப் பொத்தானாக நசுக்கி வைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதுபவனுக்கு அது தினசரி எரிச்சல்.

23 ஜூன் 2024

திரை தானாகவே தொடுகிறது, எதுவும் செய்யாமலே ஜன்னல்கள் திறக்கின்றன, வைரஸா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் வைரஸ் இல்லை. எங்களுக்கும் இது நடந்தது, ஆலை அறையில் மட்டும், வீட்டில் இல்லை. டச் திரை உங்கள் விரலால் வரும் மிகச் சிறிய மின் மாற்றத்தை வைத்துத்தான் தொட்டீர்களா என்று கண்டுபிடிக்கிறது. எர்த் சரியில்லாத பிளக்கிலோ மட்டமான சார்ஜரிலோ வரும் இரைச்சல் அதைக் குழப்பிவிடும். பழைய கட்டிடங்களில் மூன்று துளை இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் வயரே போயிருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள், லேப்டாப்புக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காக. கம்பெனி சார்ஜரையே போடுங்கள். அவசரத்துக்கு டிவைஸ் மேனேஜரில் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் (எச்ஐடி) என்ற தலைப்பின் கீழே டச் ஸ்கிரீன் என்று ஒன்று இருக்கும், அதை டிஸேபிள் செய்தால் பேய் அடங்கும். ஈரக்கையோடு தொட்டாலும் தாறுமாறாகத்தான் நடக்கும்.

24 ஜூன் 2024

ஆலை என்றதும் நினைவு வந்தது. 6 வாட் அளவு மின்சாரத்தில் ஓடும் சிப்புகள் உள்ள சின்ன லேப்டாப்புகள் பலவற்றில் மின்விசிறி கிடையாது. சித்திரை வெயிலில் மூடிய அறையில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் தவிட்டுத் தூசி பறக்கும் இடத்தில் விசிறி இல்லாதது வரம். ஆலையில் முன்பிருந்த பெரிய லேப்டாப்பைத் திறந்தபோது விசிறிக்குள் தவிடு அடை அடையாக இருந்தது. மாவு மில், சிமென்ட் கடை, மரப்பட்டறை வைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

7 ஜூலை 2024

குரோம்புக் எடுக்கலாமே என்று மூன்று நான்கு பேர். எடுக்கலாம். 4 ஜிபியில் விண்டோஸை விட அது நன்றாக ஓடும். 2021 முதல் வந்த குரோம்புக் மாடல்களுக்குப் பத்து ஆண்டு அப்டேட் என்று கூகுள் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அந்தப் பத்து ஆண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, அந்த மாடலின் அடிப்படை வெளிவந்ததிலிருந்து. பழைய சரக்கை ஆஃபரில் தள்ளும்போது இதைப் பார்க்கவேண்டும். அமைப்புகளில் எந்த மாதம் வரை அப்டேட் என்று அதுவே காட்டும்.

என்னால் முடியாது, எனக்கு டாலி கணக்கு மென்பொருள் வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி வேலை பார்ப்பவர்களுக்கும் பெரும்பாலும் விண்டோஸ்தான் வழி. கேள்வி கேட்டவருக்கு எக்செல் "எப்போதாவது" என்றால் உலாவியிலேயே முடிந்துவிடும். அவருக்கு இது பொருந்தக்கூடும்.

கேள்வி கேட்டவரின் கையில் 25, 30 என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது, முதல் நாளே இதையும் சேர்த்திருக்கலாம். ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய 14 அங்குல லேப்டாப், இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல், 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி. எட்டு என்று சொல்வதற்குக் காரணம், விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ள தலைமுறைகளை அநேகமாக ஏற்காது, விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14 வரைதான். பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், புதிதில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று விண்டோஸே எழுதிக் கொடுக்கும். காட்ட மறுத்தால் வேறு கடை. டச் இருக்காது, கனமாக இருக்கும். பள்ளிப் பையனுக்கு அது தாங்கும்.

13 அக்டோபர் 2024

விண்டோஸ் 11இன் 24எச்2 என்ற பெரிய அப்டேட் வந்துவிட்டது. 64 ஜிபிக்காரர்கள் எல்லோரும் மறுபடி இங்கே வந்து நிற்கிறீர்கள், மே மாதமே சொன்னேன் என்று சொல்லத்தான் ஆசை, சொல்லவில்லை. 20 ஜிபி அளவுக்காவது காலி செய்துவிட்டு ஆரம்பியுங்கள். போனிலிருந்து வந்த வீடியோக்களை வெளியே எடுங்கள். அப்டேட் முடிந்தபின் பழைய விண்டோஸ் பத்து நாள் வரை அங்கேயே படுத்திருக்கும், எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்தால் ஸ்டோரேஜ் அமைப்பில் போய் நீங்களே அழிக்கலாம்.

இதில் வேர்ட்பேட் போய்விட்டது. அப்பா அதில்தான் கோயில் கமிட்டிக் கடிதங்களை அடிப்பார். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, நான்தான் எதையோ அழித்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டார். லிப்ரே ஆபீஸ் போட்டுக் கொடுத்தேன். "இது ரொம்ப பட்டன் வச்சிருக்குப்பா" என்கிறார்.

27 அக்டோபர் 2024

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மனைவிக்கு டச்தான் வேண்டுமாம், பழையது வேண்டாமாம், பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றி மடங்கும் மாடல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். இன்டெல் என்100, 8 ஜிபி, 128 ஜிபி.

என்100 சரி. 2023இல் வந்தது, நான்கு கோர், மே மாதம் கடையில் காட்டிய வகை செலரான்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டுதான். அதே 6 வாட்டுக்குள் நல்ல முன்னேற்றம். 8 ஜிபி சரி. 128 என்பது என்விஎம்இ என்றால் எடுங்கள், இஎம்எம்சி என்றால் விலையில் அதைச் சொல்லிக் குறையுங்கள். சேமிப்பைக் கழற்றி மாற்றக்கூடிய எம்.2 ஸ்லாட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டிஸ்ப்ளே விலையைக் கேட்டீர்களா?

28 அக்டோபர் 2024

கேட்டாராம். கேட்டுவிட்டும் வாங்குகிறாராம். நல்லது.

அப்படியானால் பெட்டியைப் பிரித்ததும்: விண்டோஸ் எஸ் மோடில் வந்திருந்தால் ஸ்டோர் ஆப் தவிர எதுவும் ஏறாது. வெளியே வர காசு கிடையாது, ஆனால் வெளியே வந்தால் திரும்ப முடியாது. கடையில் யாராவது "அன்லாக் சார்ஜ்" கேட்டால் கொடுக்காதீர்கள். கீலை கடையிலேயே முழுசாக மடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே இறுக்கமாக இருக்கவேண்டும், ஒரு பக்கம் கிறீச்சென்றால் வேறு பீஸ் கேளுங்கள். பேனா எழுதப் போகிறீர்கள் என்றால் கடைக்காரர் இலவசமாக ஒட்டித் தரும் ஸ்கிரீன் கார்டு வேண்டாம்.